மாலைப்பொழுது மாணாக்கர்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பிள்ளையார்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தவர்க்குத் தெரியும்: பணி முடித்து வீடு திரும்புவோரே அங்குப் பெருங்கூட்டம். அவர்களுள் ஒரு பெண்மணி, காதில் ஹெட்போனைப் பொருத்தியபடி, மடியில் வைத்த நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பாட்டுக் கேட்கிறார் என்று எண்ணினேன். அது பொருளியல் பாடம். அஞ்சல்வழியில் பட்டம் படிக்கிறாராம். “பஸ் வர்ற வரைக்கும்தாங்க எனக்குக் காலேஜ்” என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு என்னைச் சற்றுப் பின்னோக்கிச் சிந்திக்க வைத்தது. உழைப்பவர்க்குப் படிக்கவென்று ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? புதுவை மண்ணில் இக்கேள்விக்கு விடை உண்டு. இங்குள்ள பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தனர். எட்டு மணி வேலை நாளும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டுப் போராடியவர்கள்மீது 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிரெஞ்சிந்திய ஆட்சியினர் துப்பாக்கிச் சூடு நடத்த, பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிறந்த சட்டம் எட்டு மணி வேலை நாளுக்கு வழி திறந்தது. இதனைத் தொழிற்சங்க வரலாறாக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். எனக்கென்னவோ இது கல்வி வரலாற்றின் முதல் ஏடாகவும் படுகிறது. பொழுது சாயுமுன் ஆலையை விட்டு வெளியே வர இயன்றவனுக்குத்தானே நூலைத் திறக்கவும் இயலும்!

ஆயினும், நேரம் கிடைத்த மாத்திரத்தில் கல்லூரி வாயில் திறந்துவிடவில்லை. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், நமக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அவ்வழியைப் பின்பற்றின. எழுத்தர்களும் ஆசிரியர்களும் காவலர்களும் பழுப்பு உறையில் வரும் பாடங்களைப் படித்துப் பட்டதாரிகள் ஆயினர். ஆனால், அந்த உறையைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்க்கே அக்கல்வி. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் வயல்களில் நாற்று நட்ட பெண்களுள் பலர்க்கு எழுத்தே எட்டவில்லை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தார் மாலை மங்கிய பின் தெருவிளக்கடியிலும் திண்ணையிலும் அவர்களைத் தேடிச் சென்றனர். படிப்பவர் ஓய்ந்திருக்கும் வேளைக்குப் பள்ளி இறங்கி வந்தது அப்போதுதான்.

அதன்பின் வில்லியனூர். மாதா திருத்தலத்தால் அவ்வூரை அறிந்த நம் வாசகர் பலர், கணினி வரலாற்றிலும் அதற்கோர் இடம் உண்டென்பதை அறியார். 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையத்தை நிறுவி, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டு ஆராய்ச்சி நிறுவனமொன்று பொருளுதவி செய்தது. தொலைபேசிக் கம்பி எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைவழியே செய்தி சென்றது. மின்சாரம் நின்றால் கைகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகள். ஊரார் செய்ய வேண்டியது இரண்டே: இடம் தருவது, பார்த்துக்கொள்ள ஆள் தருவது.

அந்த ஆள்களே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றனர். பெரும்பாலோர் பெண்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். வீட்டு வேலையும் வயல் வேலையும் போக எஞ்சிய நேரத்தில் கணினியில் தமிழைத் தட்டச்சிடக் கற்றனர். விலை நிலவரம், அரசின் உதவித் திட்டங்கள், மருத்துவர் வரும் நாள் ஆகியவற்றைத் தம்மூர்ப் பேச்சில் எடுத்துச் சொல்லவும் பழகினர். எம்பலத்தில் நிலையம் கோயில் வளாகத்திலேயே இயங்கியது, நடத்தியவர்கள் பெண்கள். வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரத்தை எடுத்து, கடலுக்குப் புறப்படும் மீனவர்க்கு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். உலகக் கணினி வலை, படிக்கத் தெரியாதவர் காதுக்கும் இப்படி எட்டியது. 2003இல் இந்நிறுவனமே நாட்டுப்புற மக்களுக்கென ஒரு தேசிய மெய்நிகர் கல்விக்கழகத்தையும் தோற்றுவித்தது.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் முன்பு இத்திட்டத்தில் தொண்டாற்றிய இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். கடல் கொந்தளிப்புச் செய்தியைக் கண்டு வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் உள்ளே வருவதைச் சொன்ன உறவினரிடம், உடனே ஊரை எழுப்பி வெளியேறும்படி கூறினார். தகவல் நிலையத்தின் ஒலிபெருக்கி அலறியது. மக்கள் மேட்டுக்கு ஓடினர். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் பிழைத்தனர்.

இன்று நிலைமை வேறு. 2017 ஜூலையில் நடுவண் அரசு ‘சுவயம்’ என்னும் இணையக் கல்வித் தளத்தைத் திறந்தது. ஐ.ஐ.டி. பேராசிரியரின் விரிவுரையை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். 2020இல் பெருந்தொற்று வந்து பள்ளி கல்லூரிகளை அடைத்தபோது, கைப்பேசியே வகுப்பறை ஆயிற்று. பாடம் குறைவில்லாமல் கிடைக்கிறது. நள்ளிரவிலும் கேட்கலாம், நிறுத்தி நிறுத்தியும் கேட்கலாம். வேலைக்குப் போகிறவர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றே நானும் எண்ணியிருந்தேன்.

பேருந்து நிறுத்தத்துப் பெண்மணி என் எண்ணத்தைத் திருத்தினார். “பாடமெல்லாம் போன்லயே வந்துடுதுங்க. ஆனா புரியலன்னா யாரக் கேக்கறது? பையன் பத்தாவது படிக்கறான். ராத்திரி போன் அவன் கையில” என்றார். ஒரு சொல் பாடத்தில் வந்ததாம். மூன்று முறை கேட்டும் விளங்கவில்லையாம். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. வில்லியனூரில் கணினிக்கும் கேட்பவருக்கும் நடுவே அமர்ந்திருந்த அந்தப் பெண்களை அப்போது நினைத்துக்கொண்டேன். தளங்கள் பெருகிவிட்டன; அந்த நாற்காலிதான் காலியாகிவிட்டது.

கடலூர்ப் பேருந்து வந்து நின்றது. நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் முன்வாசலில் ஏறினார். ஹெட்போன் காதில்தான் இருந்தது.