பெட்டிக்குள் ஏழு வரி

ஏற்காடு அடிவாரத்தில் என் தங்கை வீட்டு முன்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. நான் செய்து கொடுத்த பத்து இஞ்ச் சப்-வூஃபர். போன மாதம் அதன் ஸ்பீக்கரை மாற்றுவதற்காக எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி, பஞ்சை வெளியே எடுத்த தங்கை மகன் போன் செய்தான். “மாமா, உள்ளே பின்பலகையில என்னமோ பென்சிலால எழுதியிருக்கீங்களே, என்னது?”

மரவேலை நடந்தபோது நினைவுக்காக நான் எழுதி வைத்த ஏழு வரிகள் அவை. இப்போது அவனே சிநேகிதன் வீட்டுக்கு இன்னொரு பெட்டி செய்யப் போகிறான். வரி மட்டும் போதாது, விளக்கமும் வேண்டும் என்றான். எழுதியவரே உரை செய்வது நம் மரபில் உள்ளதுதான். இலக்கண விளக்கத்துக்கு வைத்தியநாத தேசிகர் தாமே உரை எழுதினார். அந்த வழியில் இது.

அறையை அள, பிறகு கடைக்குப் போ.

‘அள’ என்றது நீளம், அகலம், உயரம் மூன்றையும். தங்கை வீட்டு அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். நம்மூர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் போகும். 14 அடிச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பினால் எட்டரை மீட்டர். 346ஐ அதனால் வகுத்தால் 40. அதாவது, நொடிக்கு 40 முறை அதிரும் ஒலி அந்த இரு சுவருக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தி, நிலையலையாக நின்று பெருகும். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த அறையில் பேஸ் கிடார் இறங்கி நடக்கும் இளையராஜா பாட்டு எதைப் போட்டாலும், அடிச்சுரம் வரும் இடத்தில் மட்டும் வீங்கும். பக்கத்துச் சுரங்கள் சாதாரணமாக இருக்கும். அதே ஒலி அறையின் நடுவில் நின்று கேட்டால் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். கேட்பவர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார். குறை சுவரில் இருக்கிறது.

தாழ்ந்த ஒலி என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று தெரிய, அடிவாரத்தில் இருப்பவர்கள் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்கு முன் ஒரு பஸ் இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது என்று வையுங்கள். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 600 சுற்று. நொடிக்குப் பத்துச் சுற்று. சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக 30 ஹெர்ட்ஸ். எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி நடுங்குவது அதனால்தான். அந்த ஒலியின் ஓர் அலை பதினொன்றரை மீட்டர் நீளம், ஏறத்தாழ ஒரு பெரிய பஸ்ஸின் நீளம். வீட்டுக்குள் ஒரு பெட்டி செய்து தரவேண்டியது இந்த அலையைத்தான். அது 14 அடி அறைக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசிக்காமல் ஸ்பீக்கர் வாங்கக் கூடாது என்பது கருத்து.

இஞ்சைப் பாராதே, சீட்டைப் படி.

‘சீட்டு’ என்றது ஸ்பீக்கரோடு வரும் அளவுத் தாளை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதியவையும் வருவதற்கு முன், பெட்டி செய்வது பெரும்பாலும் கைப்பழக்கம். செய்து பார்ப்பார்கள், கேட்பார்கள், அறுத்துத் திருத்துவார்கள். ஸ்பீக்கரின் குணத்தைச் சில எண்களில் சொல்லிவிடலாம், அந்த எண்களிலிருந்து பெட்டியைக் கணக்கிடலாம் என்று காட்டியவர்கள் இவ்விருவரும். மரத்தை வெட்டுவதற்கு முன்பே ஒலி எப்படி வரும் என்று சொல்ல முடிந்தது. எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் விஷயம் இது.

மூன்று எண் போதும். எஃப்.எஸ். என்பது பெட்டியில்லாமல் வெறுமனே தொங்கும் கோன் தானாக அதிர விரும்பும் வேகம். தவிலைத் தட்டினால் அதற்கென ஒரு சுருதி வருவதைப் போல. க்யூ.டி.எஸ். என்பது அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு. கோவில் மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் நெடுநேரம் ஒலிக்கும், கை வைத்தால் நின்றுவிடும். எண் குறைந்தால் கை அழுத்தமாக இருக்கிறது என்று பொருள். வி.ஏ.எஸ். லிட்டரில் வரும்: கோனைத் தாங்கும் ரப்பரும் துணியும் எவ்வளவு விறைப்போ, அதே விறைப்பு உள்ள காற்றின் கொள்ளளவு.

‘இஞ்சைப் பாராதே’ என்றது ஏன்? தாழ்ந்த ஒலிக்குத் தேவை நகர்த்தப்படும் காற்று. ஒரு ஸ்தாயி கீழே போய் அதே சத்தம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 12 இஞ்ச் கோனின் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். அது 5 மில்லிமீட்டர்தான் முன்னேறும் என்றால் தள்ளுவது 250 கன சென்டிமீட்டர். 10 இஞ்ச் கோன் 340 சதுர சென்டிமீட்டர்தான். ஆனால் 10 மில்லிமீட்டர் போய் வரும் என்றால் 340. சின்னது ஜெயிக்கிறது. இந்தப் போய்வரும் தூரம் சீட்டில் எக்ஸ்-மேக்ஸ் என்று இருக்கும். சீட்டு இல்லாத ஸ்பீக்கரை வாங்காதே, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

ஆம்ப்ளிஃபயருக்கும் இதே விதி. அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அதை மறந்துவிடு, ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேள். அசெம்பிள் செய்பவர்கள் வழக்கமாகத் தரும் 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு, சரியான டிரான்ஸ்ஃபார்மரோடு, இந்த அறைக்குத் தாராளம். வாட்ஸை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான்.

நாற்பத்தொன்று நிகரம், நாலு சேர்.

என் ஸ்பீக்கருக்கு எஃப்.எஸ். 28, க்யூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர். மூடிய பெட்டியில் வைத்தால், உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்காகச் சேர்ந்து 0.45ஐ உயர்த்தும். அது 0.7க்கு வந்து நின்றால் ஒலி மேடுபள்ளமின்றிச் சமமாக இறங்கும். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கழித்தால் 1.47. 60ஐ அதனால் வகுத்தால் 41 லிட்டர். ‘நாலு’ என்றது காந்தமும் கூடையும் அடைக்கும் இரண்டு லிட்டர், மூலைக்கு அடிக்கும் ரீப்பரும் குறுக்குக் கட்டையும் அடைக்கும் இரண்டு லிட்டர். ஆக 45. உள்ளளவு 36, 36, 35 சென்டிமீட்டர்.

கனசதுரமாகச் செய்யக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். முழு ஸ்பீக்கருக்கு அது நியாயம். 36 சென்டிமீட்டரில் நிற்கும் அலை 480 ஹெர்ட்ஸ். சப்-வூஃபர் அந்தப் பக்கமே போகாது.

மூடியது மன்னிக்கும், துளைத்தது கணக்குக் கேட்கும்.

‘துளைத்தது’ குழாய் வைத்த பெட்டி. குழாயில் உள்ள காற்றும் பெட்டியில் உள்ள காற்றும் சேர்ந்து ஒரு சுருதியில் அதிர்ந்து கோனுக்குத் துணை செய்யும். அதே ஸ்பீக்கருக்கு 70 லிட்டர் பெட்டி, 28 ஹெர்ட்ஸ் சுருதி என்றால், 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பி.வி.சி. பைப் 36 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று 3 இஞ்ச் பைப் போட்டால் பாதி நீளத்தில் முடிந்துவிடும். ஆனால் காற்று அதில் சீறும். பாட்டுக்கு நடுவே புஸ் புஸ் என்று கேட்கும். நீளம் தவறினால் சுருதி தவறும். சுருதிக்குக் கீழே கோனுக்குப் பிடிமானமே கிடையாது. காற்றில் துடுப்புப் போடுவது போல வீசும், காயில் அடிபடும்.

‘மன்னிக்கும்’ என்றது, மூடிய பெட்டியில் இரண்டு மூன்று லிட்டர் கூடக்குறைய இருந்தாலும் பெரிதாகக் கெடாது என்பதை. ஒலி அதில் ஸ்தாயிக்கு 12 டெசிபல் மெதுவாகத்தான் இறங்கும். குழாய்ப் பெட்டியில் 24. நம் 41 லிட்டர் பெட்டி 44 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கத் தொடங்கும். இங்கேதான் முதல் வரி திரும்ப வருகிறது. கதவு ஜன்னல் மூடிய அறை, தன் கடைசி நிலையலைக்குக் கீழே, அதாவது 40க்குக் கீழே, ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். பெட்டி இறக்குவதை அறை ஏற்றுகிறது. இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் தங்கை வீட்டுக்கு மூடிய பெட்டியைத் தேர்ந்தேன். கல்யாண மண்டபத்துக்கு இது பொருந்தாது, அங்கே குழாய்தான்.

தட்டினால் பேசக் கூடாது.

பலகையை விரல்முட்டியால் தட்டினால் ‘டொக்’ என்று அடங்க வேண்டும். ‘தொம்ம்’ என்று இழுக்கக் கூடாது. இழுத்தால் பலகையும் பாடுகிறது என்று பொருள். 18 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் ஒரு குறுக்குக் கட்டை, உள்மூலை நான்கிலும் ரீப்பர், பெவிகால், நெருக்கமாக ஸ்க்ரூ.

பிளைவுட் என்று அழுத்திச் சொல்கிறேன். என் முதல் பெட்டி மரத்தூள் அழுத்திய பலகை. வழவழப்பாக இருந்தது, சன்மைக்கா அழகாக ஒட்டியது. அதை மலைமேல் ஒரு வீட்டில் வைத்தேன். ஒரு மழைக்காலம். சேர்வராயன் மலையில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து உட்காரும். பலகையின் ஓரங்கள் நனைந்த பிஸ்கட் போல உப்பின, மூட்டு விட்டது, இடுக்கு வழியாகக் காற்று விசிலடித்தது. அந்தப் பெட்டியைப் பிரித்து அடுப்புக்குத்தான் போட முடிந்தது. மலைமேல் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையே வாங்கு. அடிவாரத்திலும் அதுவே நல்லது.

காற்று கசிகிறதா என்று பார்க்க, கோனை நாலு விரலால் சமமாக உள்ளே அழுத்தி விடு. மெதுவாகத் திரும்பினால் பெட்டி இறுகியிருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை, சிலிக்கான் வை. கடைசியாகத் தலையணைக்கு வைக்கும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பு. திணிக்காதே.

முதலில் அதை உன் இடத்தில் உட்காரவை.

பெட்டியைத் தூக்கி, நீ உட்கார்ந்து கேட்கும் நாற்காலியில் வை. பேஸ் நடை உள்ள பாட்டைப் போடு. சுவரோரமாகக் குனிந்து, காது பெட்டி உயரத்தில் இருக்கும்படி சுற்றி வா. எங்கே எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்கு இடம். ஒலி போகும் பாதை இரு திசையிலும் ஒன்று என்பதால் இது நடக்கிறது. மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் வரும்; அதிகம் என்பது சமம் ஆகாது. தங்கை வீட்டில் அந்த இடம் நீளச் சுவரின் கால்வாசியில், தையல் மிஷின் இருந்த மூலைக்குச் சற்று முன்னால் வந்தது. மிஷினை நகர்த்தினார்கள்.

எண்பதில் வெட்டு, பழைய பாட்டில் சோதி.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறதென்று காதால் சொல்வது கடினம். அதற்கு மேலே விட்டால் பெட்டி தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெட்டிய பிறகு, பின்பக்கம் உள்ள ஃபேஸ் சுவிட்சை இரு பக்கமும் போட்டுப் பார். உன் நாற்காலியில் எந்தப் பக்கம் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி.

‘பழைய பாட்டு’ என்றது எதற்கு? சேலத்திலிருந்து அடிவாரம் வரும் வழியில், ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. 1930களில் டி.ஆர். சுந்தரம் கட்டிய ஸ்டூடியோவின் மிச்சம். என் மச்சான் கேட்பதெல்லாம் அந்த வளாகத்திலிருந்து வந்த படங்களின் பாட்டுகள்தாம். 1950இல் வந்த மந்திரி குமாரியில் ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுவதைப் போடச் சொன்னேன். அந்தக் கால ஒளிவழி ஒலிப்பதிவில் மிகத் தாழ்ந்த ஒலி அநேகமாகக் கிடையாது. ஆண் குரலின் அடிப்பகுதியும் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். ஆகவே அந்தப் பாட்டில் சப்-வூஃபர் செய்ய வேண்டிய வேலை ஏதுமில்லை. லோகநாதன் குரல் மார்புச் சளி கட்டியது போலக் கேட்டால், வெட்டு மேலே இருக்கிறது, அல்லது வால்யூம் அதிகம். குறை. மறுபடி போட்டுக் கேள். மறுபடி குறை.

நான் நாலு முறை குறைத்தேன். ஐந்தாவது முறை பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மச்சான் கேட்டார், “பெட்டிய ஆஃப் பண்ணிட்டீங்களா?” சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த இடத்தில் குமிழில் பென்சில் கோடு போட்டேன். மாப்பிள்ளை, அந்தக் கோடு இப்போதும் அழியாமல் இருக்கும், பார்.