கூலி கொடுக்கும் வல்லமை: ஐக்கிய அமெரிக்கக் குடிவரவுச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

வேற்றுநாட்டுத் தொழிலாளி ஒருவனுக்கு வேலை தருவதாக உறுதியளிக்கும் தொழில்தருநர், அக்கூலியைக் கொடுக்கும் பொருள்வலிமை உடையவர்தாமா என வினவுவது ஐக்கிய அமெரிக்கக் குடிவரவு நடைமுறையில் முக்கியமான ஒரு படியாகும். ஆயின், அந்நாட்டில் இத்தகைய உறுதிமொழியே ஒரு காலத்திற் சட்டவிரோதமாக இருந்தமை நோக்கற்பாலது.

1882ஆம் ஆண்டுச் சட்டம், தம்மைத் தாமே பேணமுடியாது பொதுமக்களுக்குச் சுமையாகக் கூடியவர்களைக் கரையிறங்கவிடாது தடுத்தது. 1885இல் நிறைவேறிய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து, பயணச் செலவும் கொடுத்துத் தொழிலாளரை வரவழைப்பதைத் தடைசெய்தது. மலிந்த கூலிக்கு ஆட்களை இறக்கி உள்நாட்டாரின் ஊதியத்தைக் குறைக்கின்றனர் என்ற தொழிற்சங்கங்களின் முறைப்பாடே இதற்கு அடிப்படையாகும். எனவே, குடிவரவாளன் தான் உழைத்துப் பிழைக்க வல்லவன் எனக் காட்டவேண்டியவனானான். அதேவேளை, தனக்கு வேலை உறுதியாகியுள்ளது எனக் கூறவும் இயலாதவனானான்.

1952ஆம் ஆண்டுச் சட்டம் இப்போக்கை மாற்றியது. 1965ஆம் ஆண்டுத் திருத்தமோ, வெளிநாட்டாரை அமர்த்துவதால் உள்நாட்டாரின் ஊதியத்துக்கும் வேலை நிலைமைகளுக்கும் ஊறு நேராது எனத் தொழிற்றிணைக்களம் முன்னதாகவே சான்றளிக்க வேண்டுமென விதித்தது. உள்நாட்டு ஊதியத்தைக் காத்தல் என்ற நோக்கம் மாறவில்லை, வழியே மாறியது. கூலி தாளில் மட்டும் எழுதப்பட்டு, கையிற் கொடுபடாதுவிடின் இக்காப்புப் பயனற்றுப்போகும். ஆதலின், தொழில்தருநரின் கணக்கேடு விசாரணைக்குரிய பொருளாயிற்று.

இவ்விசாரணையின் இரு போக்குகளை இரண்டு தீர்ப்புக்கள் காட்டுகின்றன. 1967இல் தீர்க்கப்பட்ட சொனெகாவா வழக்கின் மனுதாரர் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர். பதினொரு ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் நடத்திய அவரது மொத்த ஆண்டு வருவாய் வழமையாக ஏறத்தாழ 1,00,000 டொலர். மனுச்செய்த ஆண்டில் அவர் தொழிலிடத்தை மாற்றியதால், ஐந்து மாதங்களுக்கு இரண்டு இடங்களுக்கும் வாடகை கொடுக்க நேர்ந்தது, இலாபம் வீழ்ந்தது. எனினும், அவரது நற்பெயரையும் நீண்டகால முயற்சியையும் கருத்திற்கொண்டு மேன்முறையீடு ஏற்கப்பட்டது. 1977ஆம் ஆண்டின் கிறேற் வோல் தீர்ப்போ, மனுச்செய்யும் வேளையிலேயே வல்லமை இருத்தல் வேண்டும் என்றும், பின்னர் வரக்கூடிய இலாபத்தை நம்பி மனுவை ஏற்கவியலாது என்றும் வலியுறுத்தியது.

1991ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி இவ்விறுக்கத்தை மேலும் நீட்டியது. உரிய முன்னுரிமைத் திகதி தொடக்கம் தொழிலாளி நிரந்தர வதிவுரிமை பெறும்வரை வல்லமை நிலைத்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. ஆண்டறிக்கை, வரி அறிக்கை, கணக்காய்வு செய்யப்பட்ட நிதிக்கூற்று ஆகியன சான்றாகும். 100 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்துக்கு மட்டும் அதன் நிதி அலுவலரின் கூற்றே போதியதாகக் கொள்ளப்படலாம்.

சிறுதொழிலாளரின் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. வரிச்சட்டம் அனுமதிக்கும் கழிவுகளைக் கழித்துத் தேறிய இலாபத்தைக் குறைத்துக் காட்டுதல் வணிகரின் வழமை. குடிவரவு அதிகாரியோ அதே வரி அறிக்கையிற் போதிய இலாபத்தைத் தேடுகின்றார். செலவுகள் கழிக்கப்படுமுன்னுள்ள வருவாயன்றித் தேறிய வருவாயே அளவுகோல் என்பதை 1985இல் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று ஏற்றது. பெறுமானத் தேய்வை மீளக் கூட்டாமையும் முறையே என 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கருதிற்று. ஏற்கெனவே அக்கூலியைக் கொடுத்து வந்தமையையோ, நடைமுறைப் பொறுப்புக்கள் போக எஞ்சிய நடைமுறைச் சொத்துக்களையோ காட்டுதல் மாற்றுவழிகளாயின.

கணக்கேடு தொழில்தருநருடையது; அதனை எழுதுவதில் தொழிலாளிக்குப் பங்கில்லை. ஆயினும், மனு தள்ளப்படும்போது முதலாளி இழப்பது ஒரு பணியாளையே. தொழிலாளி இழப்பதோ பல்லாண்டுக் காத்திருப்பையும் வாழ்வின் எதிர்பார்ப்பையுமாகும். போலி வாக்குறுதியைத் தடுக்க இவ்விதி வேண்டியதே. ஆனால், ஓராண்டின் இலாபத்தை மட்டும் நோக்காது முயற்சியின் முழு வரலாற்றையும் நோக்கிய 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நெறி அதனோடு சேரும்பொழுதே, கூலியைக் காக்க எழுந்த சட்டம் கூலியாளையும் காக்கும் எனலாம்.