திருகோணமலைக் குடா: இயற்கைக் கொடைகளை மதித்த வரலாறு

கடலும் களப்பும் ஊற்றும் வயலும் தரும் பயன்களை மனிதர் காலந்தோறும் வெவ்வேறு அளவுகோல்களால் மதித்து வந்ததற்குத் திருகோணமலை நீண்ட சான்று.

பழைய கணக்கு கோயிலோடு கட்டுண்டது. கோணேசர் கோயில், கந்தளாய்க் குளம், தம்பலகாமத்து வயல் மூன்றையும் மரபு குளக்கோட்ட மன்னனின் ஒரே திருப்பணியாகப் போற்றுகிறது. குளத்தை இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பர் வரலாற்றாசிரியர். எவ்வாறாயினும், நீர் நெல்லாகி, நெல் பூசைக்கு அமுதாகும் வரை அங்கே ஒரே சங்கிலிதான்.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களால் கோட்டை எழுப்பினர். அவர்களுக்கும் பின்வந்தோருக்கும் பெரிதாகப் பட்டது நங்கூரமிடும் இடம். வடகீழ்ப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. இங்கோ மலைகள் சூழ்ந்த ஆழ்நீர். 1782இல் மட்டும் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் மீண்டும் பிடித்த பிரித்தானியர், கடற்படைத் தளத்தை 1957இல்தான் கையளித்தனர்.

தம்பலகாமக் களப்பின் சிப்பி தனிக்கதை. மன்னார் முத்துச்சிப்பியிலிருந்து வேறான இது தட்டையானது, ஒளி ஊடுருவும் மெல்லிய ஓடு கொண்டது. இதே இனத்தின் ஓட்டைக் கோவாவில் கண்ணாடிக்குப் பதிலாகச் சாளரங்களில் பதித்தனர். இதன் முத்துகள் சிறியவை, நகைக்கு அவ்வளவு ஏற்றவையல்ல. அவற்றை இந்தியாவுக்கு அனுப்பி, நீற்றிச் சுண்ணாம்பாக்கி, செல்வந்தர் வெற்றிலையோடு மென்றனர் என 19ஆம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி எமர்சன் தென்னன்ட் எழுதுகிறார். அதே காலத்தில் மருத்துவரும் இயற்கையியலாளருமான கெலார்ட் இச்சிப்பியின் வாழ்வை ஆராய்ந்தார். சாளரம், தாம்பூலம், ஆய்வு என ஓர் உயிருக்கு மூன்று மதிப்பு. களப்பைச் சூழ்ந்த கண்டற்காட்டுக்கோ எவரும் விலை குறிக்கவில்லை. இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அதன் வேர்களிடையேதான்.

விடுதலைக்குப் பின் புல்மோட்டைக் கடற்கரையின் கருமணல் இல்மனைட்டாக ஏற்றுமதியானது. அதற்கான கனிமமணல் கூட்டுத்தாபனம் 1957இல் உருவானது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை, பிரித்தானியர் காலத்தில் சுடுபயிற்சித் திடல். 1963இல் சரணாலயமாகி, முருகைக்கற்பாறைகளுக்காக 2003இல் தேசியப் பூங்காவானது. துறைமுகத்தை ஆழமாக்கிய அதே கடலடிப் பள்ளத்தாக்கு திமிங்கிலங்களையும் கரையருகே கொண்டுவருகிறது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற ஆய்வுப் பாய்க்கப்பல் அவற்றைத் தேடி வந்தது.

இத்தகைய பயன்களுக்கு விலை குறிக்கும் முயற்சி உலகளவிலும் நடந்தது. 1997இல் சூழலியல் பொருளியலாளர் ராபர்ட் கொஸ்டான்சா குழுவினர் இயற்கையின் சேவைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 33 டிரில்லியன் டொலர் எனக் கணக்கிட்டனர். 2005இல் வெளியான ஆயிரமாண்டுச் சூழல்தொகுதி மதிப்பீடு பண்பாட்டுப் பயன்களையும் தனி வகையாகச் சேர்த்தது. அது தேவையான திருத்தம். திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகப் பெற்றான் என்பது ஐதிகம். இறந்தோருக்கான கிரியைக்கு அங்கே சென்ற குடும்பங்கள் தேடியது எந்த விலைப்பட்டியலிலும் வராது.

விலை குறிக்கக்கூடிய பயனுக்கும் குறிக்க முடியாததற்கும் இடையிலான இந்த முரண் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வெளிப்படையாக மோதியது. உள்நாட்டுப் போரில் 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபின், அங்கே இந்தியக் கூட்டுறவில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. மின்சாரம் ஒரு பக்கம். மறுபக்கம் மக்களின் காணி, கடற்றொழில், குடிநீர், சாம்பல் குறித்த அச்சம். ஊராரும் சூழல் அமைப்புகளும் தெருவிலும் நீதிமன்றத்திலும் எதிர்த்தனர். 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சம்பூரில் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதைக் குளிரூட்டக் குடாவின் நீர் வேண்டியதில்லை.