காற்றுக்கு ஓடிய மில்கள்

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை நீராவியில் ஓடியது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தபிறகுதான் மில்கள் மளமளவென்று பெருகின. கூடவே ஒரு சார்பும் வந்தது. மலையில் மழை பொய்த்தால் சமவெளியில் மில்லின் நூற்புக் கதிர் நிற்கும். நான் மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தபோது எங்கள் ஃபோர்மேன் காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடியது அணைகளின் நீர்மட்டத்தைத்தான்.

பிறகு காற்று வந்தது. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் மின்வாரியம் சோதனைக்குக் காற்றாலை நிறுவியது. தொண்ணூறுகளில் முதல் ஆண்டே நூறு சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்ற வரிச்சலுகை கிடைத்ததால், மில் முதலாளிகள் முப்பந்தலிலும் உடுமலை, பல்லடம் பக்கத்திலும் காத்தாடி நட்டார்கள். ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்களில் வைகாசியில் தொடங்கும் காற்று புரட்டாசியோடு அடங்கிவிடும். மில்லுக்கோ பன்னிரண்டு மாதமும் கரண்ட் வேண்டும்.

அதற்கு வழி செய்தது மின்வாரியத்தின் ‘பேங்கிங்’ முறை. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரே கணக்கு. ஆடியில் விளைந்த யூனிட்டைத் தையில் கழித்துக்கொள்ள முடிந்தது. ஆனால் யூனிட்டைப் பத்திரப்படுத்தி வைக்க வாரியத்திடம் பத்தாயம் ஏதும் இல்லை. ஏறுவதையும் இறங்குவதையும் அனல், நீர்மின் நிலையங்களைக் கொண்டு அதுதான் சமாளித்தது. காற்று மிஞ்சிய இரவுகளில் ஓடுகிற காத்தாடியையே நிறுத்தச் சொன்னார்கள். காற்றுக்குத் தக்க மில் மாறிவிட்டது என்று அந்நாளில் பேசியவர்கள் பில்லைப் பார்த்துப் பேசினார்கள். மில்லுக்குள் எதுவும் மாறவில்லை.

உள்ளே மாறியது 2008 நவம்பரில், உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தபோது. மாலை உச்ச நேரத்தில் விளக்குக்கு மேல் அதிகம் கிடைக்காது. நூற்பாலையை நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்ட முடியாது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் சட்டென்று நின்றால் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்துபோகும். ஒவ்வொன்றையும் கையால் ஒட்ட வேண்டும். அதனால் இருக்கிற லோடைப் பிரித்தோம். கரண்ட் தாராளமாக வரும் நேரத்தில் புளோ ரூம், கார்டிங், டிராயிங் எந்திரங்களை முழுவேகத்தில் ஓட்டி, ஸ்லைவர் எனும் பஞ்சுத் திரியால் கேன்களை நிரப்பி வைப்போம். உச்ச நேரத்தில் அந்த எந்திரங்களை நிறுத்திவிட்டு, டீசல் ஜெனரேட்டரில் சிம்ப்ளெக்ஸையும் ரிங் ஃபிரேம்களையும் மட்டும் ஓட்டுவோம். பஞ்சை ஸ்லைவராக்கி இருப்பு வைப்பதும் கரண்டை இருப்பு வைப்பதுபோலத்தான் என்று அப்போதுதான் எங்களுக்குப் பிடிபட்டது.

ஜெனரேட்டர் இல்லாத சின்ன மில்களில் மின்வெட்டின் பாரம் முழுவதும் ஆட்கள்மேல் விழுந்தது. ரிங் ஃபிரேமில் சைடு பார்க்கும் பெண்கள் மாலை 6 மணிக்கு வேலையை விட்டு, இரவு 10 மணிக்கு மறுபடி வந்தார்கள். இடையில் சமையல், பிள்ளைகள்; தூக்கம் கிடையாது. அந்த நான்கு மணி நேரத்துக்குப் பல இடங்களில் கூலியும் இல்லை. மில் வரலாறு எழுதியவர்கள் இதை எழுதவில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இப்போது பகலில் சூரிய மின்சாரம் குவிகிறது. அந்த நேரத்துக்கு வேலையை நகர்த்துங்கள் என்று ஆலைகளிடம் சொல்கிறார்கள். சரியான யோசனைதான், செய்யவும் முடியும். ஆனால் நகர்த்த வேண்டியது எந்திரத்தை. ஆளின் தூக்கத்தை அல்ல. எந்த எந்திரத்தை எத்தனை மணி நேரம் நிறுத்தலாம், எவ்வளவு ஸ்லைவர் இருப்பு வேண்டும் என்பதெல்லாம் அந்த மின்வெட்டு ஆண்டுகளின் லாக் புத்தகங்களில் ஷிஃப்ட் வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மில் ஸ்டோரில் அவை இன்னும் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.