வெனிஸ் கடற்கரையின் யூத முதியோர்

முதியோர் நலம் என்பது வசதியுள்ளோர் வறியோர்க்கு இடும் பிச்சை என்றே பலர் கருதுவர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வெனிஸ் கடற்கரையில் இயங்கிய இஸ்ரேல் லெவின் முதியோர் நிலையத்தின் வரலாறு இக்கருத்தை மறுக்கின்றது.

அங்கு கூடியோரிற் பெரும்பாலார் கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர்களிற் பிறந்து, இளமையிலே அமெரிக்கா சென்று உழைத்த யூதர். ஆடைத் தொழிலாளர் பலர். தொழிற்சங்கமும் சோசலிசமும் இத்திஷ் மொழியும் அவர்களை உருவாக்கின. சிறிய ஓய்வூதியத்தில் வாழ்ந்த அவர்கள் தம்முள்ளேயே தலைவரைத் தெரிந்தனர், விழாக்கள் நடத்தினர், பிறர்க்கென நிதியும் திரட்டினர். ஓயாது வாதிட்டனர் என்பதையும் கூறவேண்டும். சங்கக் கூட்டங்களில் வளர்ந்தோர் வேறெவ்வாறு இருப்பர்? 1970களில் மானிடவியலாளர் பார்பரா மையர்ஹொவ் இவர்களை ஆராய்ந்தார். அவ்வாய்விலிருந்து பிறந்த குறும்படம் 1977இல் ஒஸ்கார் பரிசு பெற்றது.

புகழ் அவர்களைக் காக்கவில்லை. வாடகை உயரவே பலர் கடற்கரையை விட்டகன்றனர். கடலோர நடைபாதையில் துவிச்சக்கர வண்டி மோதி 86 வயது மூதாட்டியொருவர் மாண்டார். அவரைத் தான் காணவில்லை என்றாராம் வண்டியைச் செலுத்தியவர். முதுமையும் வறுமையும் சேர்ந்தால் மனிதர் கண்ணுக்குத் தெரியாதவராகி விடுகின்றனர் போலும்!

முதியோர் வாளாவிருக்கவில்லை. 1980இல் வெற்றுச் சவப்பெட்டியொன்றைச் சுமந்து அதே நடைபாதையில் ஊர்வலம் சென்றனர். 'எம் மக்களைப் போகவிடு' எனப் பார்வோனிடம் மோசே கேட்டதை, 'எம் மக்களை இருக்கவிடு' என மாற்றிப் பதாகையில் எழுதியிருந்தனர். நடைபாதையில் வண்டிகளைத் தடுக்கும் ஏற்பாடுகள் பின்னர் செய்யப்பட்டன. ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் தம்முள் ஒருவரின் நூறாவது பிறந்தநாளைக் கொண்டாடினர்.