ஆடக்கூடாது என்ற காலத்தில் ஆட வந்தவர்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரு நம்ம எல்லாருக்கும் தெரியும். மாசமா இருக்கிற பெண்களுக்கு வர்ற மகப்பேறு நிதியுதவி அவர் பேர்லதான் வருது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அப்படித்தான். கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிற புதுமைப்பெண் திட்டம் அவர் பேரில் உள்ளது. இந்த இரண்டு பேரும் எதிர்த்து நின்றது ஒரே கொடுமையை.

அந்தக் காலத்தில் சின்னப் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்டுவிடுவார்கள். அப்புறம் கல்யாணம் கிடையாது. பெரிய மனிதர்களை அண்டித்தான் பிழைப்பு. கோயிலில் சதிர் ஆடியதும் இந்தப் பெண்கள்தான். முத்துலட்சுமி அம்மாவின் தாயாரும் அந்தக் குலத்தில் பிறந்தவர். 1927-ல் சென்னை சட்டசபைக்குள் போனவர், 1929-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கோயில் ஊழியத்துக்காக விட்டிருந்த மானிய நிலம், ஊழியத்தை விட்டாலும் அந்தப் பெண்களுக்கே சேரும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கையில் நிலம் இல்லாமல் வெளியே வா என்றால் எங்கே போவாள்?

ஆனால் பொட்டுக்கட்டோடு சேர்ந்து ஆட்டமும் கெட்ட பேர் வாங்கிவிட்டது. குடும்பப் பெண் ஆடலாமா என்று கேட்ட அந்த நேரத்தில்தான் ருக்மிணி தேவி வந்தார். ஆடும் குலத்தில் பிறக்காதவர், கல்யாணமானவர், வயது முப்பதை நெருங்கிவிட்டது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றுக்கொண்டு, 1935 டிசம்பரில் அடையாறில் மேடை ஏறினார். அடுத்த வருடமே கலாக்ஷேத்ரா தொடங்கினார். சதிர் என்ற பேர் போய், பரதநாட்டியம் ஆனது. இன்னைக்கு நம்ம சேலம், நாமக்கல் பக்கம் பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடுது, நாமளும் செல்போனில் படம் பிடிக்கிறோம்.

1947-ல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் அதே சட்டம் தடுத்தது. பொட்டுக்கட்டு ஒழிந்தது நல்லதுதான், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஆடிப் பிழைத்தவர்களே எங்கள் கலையையும் பறிக்காதீர்கள் என்று மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாளும் அதில் ஒருவர். அந்த மனுக்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்தவருக்கு மேடை கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களுக்கு வாசல் அடைத்தது.

கௌரி அம்மாள் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடியவர். பிற்காலத்தில் அவர் கலாக்ஷேத்ராவில், ஆடும் குலத்தில் பிறக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு அபிநயம் சொல்லிக் கொடுத்தார்.