திருவாலங்காட்டைத் தாண்டிப் போன ஐஸ் பெட்டி: பால்வினை நோயை எழுதிவைத்த வரலாறு

1) "சார், பேஷன்ட் ரொம்பக் கெஞ்சுறார். கேஸ் ஷீட்ல சிபிலிஸ்னு எழுதாம 'ஸ்கின் அலர்ஜி'ன்னு போட்டுடலாமா?" இளம் டாக்டர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஒரு வரியில் 'கூடாது'ன்னு சொல்லிடலாம். ஆனா அந்த பேஷன்ட் ஏன் பயப்படுறார்னு புரிய வரலாறு தெரியணும். நீண்ட இழை, பொறுமையா படிங்க.

2) 1800-களின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண ராணுவ முகாம்களில் 'லாக் ஹாஸ்பிட்டல்'கள் வந்துவிட்டன. நடுவில் மூடி, மறுபடி திறந்தாங்க. 1868-ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பெயரைப் பதிவு செய்யணும், குறித்த நாளில் பரிசோதனைக்கு வரணும். நோய் இருந்தால் உள்ளே அடைத்து வைப்பாங்க. வராவிட்டால் தண்டனை.

3) பரங்கிமலை, திருச்சி மாதிரி முகாம்களில் இந்தப் பதிவேடுகள் இருந்தன. பெண்களிடம் வந்து போன சிப்பாய்களுக்கு இப்படி ஒரு பதிவு கிடையாது. அதாவது பதிவேட்டை எழுதியது டாக்டர்தான், ஆனா நோயாளிக்காக எழுதலை. பட்டாளத்துக்காக எழுதினார். எதிர்ப்பு வலுத்து 1888-ல் அந்தச் சட்டம் ரத்தானது.

4) எங்க ஊர்ச் செப்பேட்டை நினைச்சுப் பாருங்க. ராஜேந்திர சோழன் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் ஆவணம். பெற்றவர் உரிமையைக் காப்பாத்த எழுதினது. லாக் ஹாஸ்பிட்டல் பதிவேடு நேர் எதிர். அதில் பெயர் ஏறினால் இருந்த உரிமையும் போச்சு.

5) இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு வேலை நடந்தது. பிரான்ஸ் புள்ளியியலாளர் பெர்டிலான் 1893-ல் மரணக் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் கொடுத்தார். இன்றைய ஐசிடி கோடுகளின் வேர் அதுதான். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 6-வது திருத்தத்தில் மரணக் காரணத்தோடு நோய்களும் சேர்ந்தன.

6) 9-வது திருத்தத்தில் 090 முதல் 099 வரை 'சிபிலிஸ் மற்றும் பிற வெனீரியல் நோய்கள்'. வீனஸ் தேவதை பெயரிலிருந்து வந்த சொல், நம்ம பாட்டி காலத்து 'மேகநோய்' மாதிரியே வாடையோடு வரும். 10-வது திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க. ஏ50 முதல் ஏ64 வரை 'பெரும்பாலும் பாலுறவு வழி பரவும் தொற்றுகள்'. நடத்தையைச் சொல்லலை, பரவும் வழியை மட்டும் சொல்லுது.

7) இனி 1986. சென்னை மருத்துவக் கல்லூரி மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவை எச்ஐவி தேடச் சொன்னார். 'இந்தியாவில் அது கிடையாது'ன்னு பலரும் நம்பின காலம். மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். வழக்கமான பால்வினை நோய் டெஸ்ட்னுதான் அந்தப் பெண்கள் நினைச்சாங்க.

8) சென்னையில் அந்த டெஸ்ட் வசதி இல்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி, நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியோடு காட்பாடிக்கு ரயில் ஏறினாங்க. திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் வழியா போகிற அதே தடம்தான். வேலூர் சிஎம்சியில் டாக்டர் ஜேக்கப் ஜான் குழு சோதித்தது. ஆறு சாம்பிள் மஞ்சளாச்சு. பிறகு அமெரிக்காவிலும் உறுதியாச்சு. அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

9) அறிவியலுக்குப் பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனா அடுத்து என்ன நடந்தது? பாசிட்டிவ் என்று பதிவான பெண்களைத் தண்டனைக் காலம் முடிஞ்ச பிறகும் காப்பகத்திலேயே வச்சிருந்தாங்க. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகுதான், 1990-ல், கதவு திறந்தது. ரத்து செய்து நூறு வருஷம் ஆன லாக் ஹாஸ்பிட்டல் வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது.

10) இன்று எச்ஐவிக்குத் தனிச் சட்டமே இருக்கு. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. நிலையை வெளியே சொல்லக் கூடாது. வேலையை விட்டு நீக்கக் கூடாது. பேஷன்ட் பயத்துக்கு இதுதான் பதில். பொய் டயக்னோசிஸ் பதில் இல்லை.

11) ஏன் பொய் எழுதக் கூடாது? சிபிலிஸையே எடுத்துக்கோங்க. ஆரம்ப நிலை (ஏ51) என்றால் பென்சதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. நாள்பட்டது (ஏ52) என்றால், நரம்பைத் தாக்காத வரை, வாரம் ஒன்றாக மூன்று. கோடில் ஒரு எண் மாறினால் சிகிச்சையே மாறும்.

12) அப்புறம் விடிஆர்எல் அளவு. இன்று 1:32, சிகிச்சைக்குப் பின் 1:8 என்றால் மருந்து வேலை செய்யுது. மறுபடி 1:32 என்றால் புதுத் தொற்றா, சிகிச்சை தோல்வியான்னு பார்க்கணும். நீங்க 'அலர்ஜி'ன்னு எழுதி வச்சா அடுத்த டாக்டர் எதோடு ஒப்பிடுவார்? அது கர்ப்பிணியா இருந்தா விலை கொடுப்பது குழந்தை.

13) சோம்பேறித்தனமும் ஒரு பொய்தான். எல்லாத்துக்கும் ஏ64, அதாவது 'வகை தெரியாத பால்வினை நோய்'னு போடாதீங்க. அறிகுறி இல்லாத எச்ஐவிக்கு இசட்21, எச்ஐவியால் நோய் வந்தவருக்கு பி20 முதல் பி24. இரண்டும் ஒன்றல்ல.

14) கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களைப் பார்க்கும் டாக்டர்களுக்கு: கேஸ் ஷீட் வேற, லீவு லெட்டர் வேற. கேஸ் ஷீட்டில் முழுசா எழுதுங்க, பூட்டி வைங்க. லீவு லெட்டரில் 'சிகிச்சையில் உள்ளார், இத்தனை நாள் ஓய்வு தேவை', அவ்வளவுதான். சூப்பர்வைசருக்கு நோயின் பெயர் எதுக்கு? சீட்டை மடிச்சுக் கையில் கொடுங்க. வார்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நோயைச் சொல்லாதீங்க.

15) அரசு கிட்களுக்கு நிறம் உண்டு: சாம்பல், பச்சை, வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நோயின் பெயரே இல்லாமல் மருந்து கொடுக்கிற நல்ல ஏற்பாடு. ஆனா சின்ன ஊரில் ஒருத்தருக்கு நிறம் புரிஞ்சா ஊருக்கே புரியும். உறை போட்டுக் கொடுங்க.

16) இதைப் படிக்கிற பேஷன்ட்களுக்கு: அரசு மருத்துவமனை சுகவாழ்வு மையத்திலும் நம்பிக்கை மையத்திலும் பரிசோதனை இலவசம். சந்தேகம் இருந்தா 1097-க்குக் கூப்பிடுங்க, அதுவும் இலவசம். பழைய ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போடாதீங்க. அடுத்த டாக்டருக்கு அந்த எண்தான் வழி. எங்க வேணும்னாலும் ஒளிச்சு வைங்க, பத்திரமா வைங்க.